வராத போல்ட்

துருவுக்கு நன்றி சொல்லும் பெண் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் பெயர் கமருன்னிஸா. ஊர் கூத்தாநல்லூர். கோபக்காரி என்று தெருவில் பெயர் எடுத்தவள். அது பொய் என்று நானும் சொல்லமாட்டேன். மூக்கு நுனியில் வரும், வந்த வேகத்தில் போகவும் போகும். ஆனால் அந்த வைகாசி மாதம் எங்கள் கொல்லையில் நடந்ததை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதே இல்லை. இத்தனைக்கும் அந்த மாதம் முழுக்க நான் திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

கொல்லையில், பழைய மாட்டுக் கொட்டகையில், என் மாமனார் வாங்கிய டிராக்டர் ஒன்று கிடந்தது. அவர் மவுத்தான பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். வண்டியைத் தொட ஆளில்லை. ஒரு ஐப்பசி வெள்ளத்தில் சக்கரம் முழுகக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் கோழிகள் ஏறி உட்கார்ந்தன. சிவப்பு வண்டி பழுப்பு வண்டியாகிவிட்டது.

அந்த வருஷங்களில் ஊரே ஆளுக்கொரு பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஆண்கள் எப்போதும் போலக் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். வயல்வேலைக்கு வந்துகொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வரிசையாக முளைத்தது. உழவு மாடு என்று ஒன்று கண்ணில் படவில்லை. நடவுக்கு முன் சேறு அடிக்க ஒரு டிராக்டர் கிடைக்காதா என்று மிராசுகளே ஆள் அனுப்பிக் காத்துக் கிடந்தார்கள்.

என் வீட்டுக்காரர் அஹமது கபீர் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். மகள் ஹஃப்ஸாவைக் குத்தாலத்தில் கட்டிக்கொடுத்தும் ஆகிவிட்டது; ஆனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல ஒரு முழு வருஷம் ஒரே வீட்டில் இருந்ததில்லை. லீவில் வருவார். விருந்து, கல்யாணம், மையத்து விசாரிப்பு என்று எல்லா வீட்டுக்கும் போய்த் தலையைக் காட்டி முடிப்பதற்குள் லீவும் முடிந்துவிடும். அந்தத் தடவை வந்தவர் ஒருநாள் கொட்டகைக்குள் போய் வெகுநேரம் நின்றுவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"வாப்பாவோட வண்டியத் தூக்கி நிறுத்திட்டா, உழவுக்கு ஓட்டியே ஊர்ல பொழைச்சிக்கலாம். வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்குள்ள ஓடுனா இருக்கேன். ஓடலேன்னா லீவு முடிஞ்சதும் கெளம்புறேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கொதிக்கிற பாலைப் பார்த்துச் சொன்னார்.

பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அதுவரை அந்த வண்டியை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு மத்தியானமே கோழிகளை விரட்டிவிட்டு விளக்குமாற்றோடு உள்ளே போனேன்.

மன்னார்குடியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். மெக்கானிக் என்ஜினைத் திருப்பிப் பார்த்தார், அசையவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கிறது, என்ஜின் மேலே மூடி மாதிரி இருக்கிற ஹெட்டைக் கழற்றினால்தான் உள்ளே கைவைக்க முடியும் என்றார்.

"ஹெட் போல்ட்டெல்லாம் துரு ஏறி ஒட்டிப்போச்சு பாய். தெறக்கையில ஒண்ணு முறிஞ்சு பிளாக்குக்குள்ள நின்னுச்சுன்னா அதோட சரி. பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருங்க."

"பேரீச்சம்பழம் நான் குவைத்துலேர்ந்தே கொண்டாந்திருக்கேன்" என்றார் கபீர். மெக்கானிக் சிரித்துக்கொண்டே, போல்ட்டெல்லாம் வெளியே வந்தால் சொல்லி அனுப்புங்கள் என்று போய்விட்டார்.

அப்படித்தான் நாங்கள் ஆரம்பித்தோம். சுற்றியிருந்த தகரங்களைக் கழற்றவே நாள் கணக்கானது. அந்தப் பக்கம் நட்டு, இந்தப் பக்கம் போல்ட்டின் தலை. ஒருவர் பிடிக்காமல் இன்னொருவர் திருப்ப முடியாது. நான் சக்கரத்துக்கு உள்பக்கம் குந்திக்கொண்டு ஸ்பேனரால் தலையைப் பிடிப்பேன். அவர் வெளியே நின்று நட்டைத் திருப்புவார். "புடிச்சிருக்கியா?" "புடிச்சிருக்கேன்." "வழுக்குது பாரு." "உங்க கைதான் வழுக்குது." இப்படி நாள் முழுக்க. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால்கூட அந்த மாதம் பேசியது அதிகம். அதில் பாதி சண்டை. அவருக்குப் பாகற்காய் பிடிக்காது என்பதே எனக்கு அந்தச் சக்கரத்தடியில்தான் தெரிந்தது. ஒவ்வொரு லீவிலும் நான் ஆசையாகச் செய்து போட்டதை வாய் திறக்காமல் தின்றுவிட்டுப் போயிருக்கிறார் மனுஷர்.

துரு பிடித்த போல்ட்டுக்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். டீசலை ஊற்றி ஊறவைத்தோம். மண்ணெண்ணெய் ஊற்றினோம். யாரோ சொன்னார்கள் என்று பிரேக் ஆயில் ஊற்றினோம். என் மாமியார் ஜன்னத் பீவி, முட்டிவலிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த தைலத்தை எடுத்துவந்து, பிஸ்மி சொல்லி, ஒரு போல்ட்டுக்கு மட்டும் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். மறுநாள் அந்தப் போல்ட்தான் முதலில் வந்தது. அன்றிலிருந்து மாமியின் வாயை அடைக்க யாராலும் முடியவில்லை. கொட்டகை முழுக்கத் தைல வாடை.

ஒவ்வொன்றாக வந்தன. ஒரு போல்ட் "கிறீச்" என்று முதல் சத்தம் போடும்போது எனக்குள் ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? இன்னொரு போல்ட், இன்னும் கொஞ்சம் இவர் இங்கேயே இருப்பார். அவ்வளவுதான் என் கணக்கு. ஸ்பேனரைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப் போனது. வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டேன். கடைசியில், பின்பக்க மூலையில் ஒரே ஒரு ஹெட் போல்ட் மட்டும் பாக்கி. அது மட்டும் எதற்கும் மசியவில்லை.

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்ன அன்றைக்கு அவர் பொறுமை போய்விட்டது. ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயைச் செருகினார்.

"அவசரப்படாதீங்க. இன்னொரு நாள் ஊறட்டும்."

"தண்ணி கல்லணைய தாண்டிருச்சுன்னா அப்புறம் என்னா ஊறி என்னா?"

குழாயின் நுனியில் தொங்கினாற்போல உடம்பு பாரம் முழுவதையும் போட்டு இழுத்தார். "டணார்" என்று ஒரு சத்தம். குழாயும் அவரும் ஒன்றாகக் கீழே விழுந்தார்கள். போல்ட்டின் தலை மட்டும் தெறித்து எருக்குழிப் பக்கம் போய் விழுந்தது. உடம்பு உள்ளே நின்றுவிட்டது.

அடிபட்டதா என்று ஓடினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். குழாயைச் சுவரோரம் எறிந்தார்.

"போச்சு. அந்த மெக்கானிக்கு அன்னிக்கே சொன்னான். நாளைக்குத் திருச்சிக்குப் போயி டிக்கெட்ட ஓகே பண்ணிட்டு வந்துடுறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கொல்லைக் கதவருகே மீன் கூடையோடு எல்லையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் மீன் கொண்டுவருபவள். வருஷக்கணக்காக எங்கள் வீட்டுக்கு அவள் மீன்தான். அவள் வீட்டுக்காரர் உத்திராபதி விசைப்படகில் என்ஜின் பார்க்கிறவர்.

"என்னாக்கா இது, திருச்சிக்குங்கிறாரு, நீங்க மரமாட்டம் நிக்கிறீங்க? போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லக் கூடாது எல்லையம்மா."

உண்மையாகவே கூடாது. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிக்கிறவரைச் சபுராளி என்போம். சபுராளி பயணம் என்று வாயைத் திறந்துவிட்டால், வீட்டுப் பெண் அவரிடம் அழுது நிற்கக் கூடாது, போகாதீங்க என்ற சொல்லை நாக்கில் கொண்டுவரக் கூடாது. போகிற வழிக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் அவர் முதல் தடவை கிளம்பியபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமி என் வாயைப் பொத்தி அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் எனக்கே பழகிவிட்டது. சிரித்த முகத்தோடு பையை எடுத்துக் கொடுப்பதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

எல்லையம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். "எங்க பக்கமும் கடலுக்குப் போற ஆம்பளைய போகாதன்னு சொல்ல மாட்டோம்தான். ஆனா எங்க ஆளு விடிஞ்சா கரைக்கு வந்துரும். ஒங்க ஆளு வருசக் கணக்குல்ல போவுது?" பதிலுக்கு நிற்காமல் வண்டியில் ஏறி முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "தல போனா என்னாக்கா, ஒடம்பு இருக்குல்ல. உப்புத் தண்ணியில ஊறுன போல்ட்ட நீங்க பாத்ததில்ல. எங்க ஊட்ல மெழுகுவத்தி வச்சு எடுப்பாங்க. நாளைக்கு வர்றேன்."

மறுநாள் விடியற்காலையிலேயே அவர் தோளில் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வழக்கம்போலச் சிரித்த முகத்தோடுதான் பையை எடுத்துக் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு மாமியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

எல்லையம்மாள் வந்தாள். கூடையில் மேலே மத்தி, நடுவே ஐஸ், அடியில் சாக்கில் சுற்றிய ஒரு பித்தளைச் சாமான். மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்ப் அடித்தால் வாயிலிருந்து நெருப்பு சீறுமே, அந்த ப்ளோ லாம்ப். மீன் வாடையோடு எங்கள் வீட்டுக்குள் வந்தது.

முதலில் ஹெட்டைக் கடப்பாரையால் மெல்ல நெம்பி, இரண்டு பேருமாகத் தூக்கிக் கீழே வைத்தோம். கூடை சுமந்த கழுத்து அவளுக்கு. எனக்கு வெறும் வீம்பு. ஹெட் போனதும் அடியிலிருந்த பிளாக்கின் மேலே அந்தப் போல்ட்டின் உடம்பு மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் ஊற்றியிருந்த டீசல், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் பழந்துணியால் சுத்தமாகத் துடைக்கச் சொன்னாள். மாமியிடம் ஈரச் சாக்கைக் கொடுத்து, தீப்பிடித்தால் போடுங்க என்று நிறுத்தினாள். மாமி சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு ஓத ஆரம்பித்துவிட்டார்.

நெருப்பைப் போல்ட்டைச் சுற்றியே காட்டினாள். இரும்பு நிறம் மாறியதும் விளக்கை எடுத்துவிட்டு, "வைங்கக்கா" என்றாள். கரண்டு போனால் ஏற்றுவோமே, அந்தச் சாதாரண மெழுகுவர்த்தியைப் போல்ட்டின் அடியில் வைத்தேன். உருகிய மெழுகு வழிந்து ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. புகை கிளம்ப, போல்ட் அதை உள்ளே குடித்துவிட்டது.

"இப்ப ரிஞ்ச போட்டு இறுக்குங்க."

"இறுக்கணுமா? தெறக்கத்தானே வேணும்?"

"மொதல்ல இறுக்கற பக்கம் ஒரு மயிரிழ. அப்புறந்தான் தெறக்கற பக்கம். ஒரே பக்கமா இழுத்தா அதுக்கு ரோசம் வந்துரும்."

பல் வைத்த பைப் ரிஞ்சால் கவ்விப் பிடித்து இறுக்கினேன். அசையவில்லை. திறந்தேன். அசையவில்லை. சுத்தியலால் முறிந்த நுனியில் தட்டினோம். மறுபடி நெருப்பு, மறுபடி மெழுகு, மறுபடி தட்டல். வியர்வை கண்ணில் இறங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போல்ட்டையும், அதைச் செய்தவனையும், குவைத்தையும், குவைத்தில் தண்ணீர் இல்லாமல் போனதையும் சேர்த்துத் திட்டினேன். ஓதிக்கொண்டிருந்த மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்த நேரம். கையில் ஏதோ லேசாக வழுக்கினாற்போல இருந்தது. ரிஞ்ச்தான் நழுவியது என்று நினைத்தேன். எல்லையம்மாள் என் தோளை இறுகப் பிடித்தாள். "அசைஞ்சிருச்சுக்கா. இழுத்துறாதீங்க. கொஞ்சம் இறுக்கு, கொஞ்சம் தெற. எண்ணெய் விடுறேன்."

இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். செம்பழுப்பு நிறத்தில் துருவும் மெழுகும் சேர்ந்து குழம்பாக வெளியே வந்தது. பிறகு அது என் கைக்குப் பிடிகொடுத்துச் சுற்ற ஆரம்பித்தது. முழுசாக வெளியே வந்து துணியோடு என் உள்ளங்கையில் விழுந்தபோது, பிறந்த குழந்தையின் சூடு இருந்தது அதில். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். எல்லையம்மாள் முருகா என்றாள். மாமி ஈரச் சாக்கோடு எங்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டார். எல்லையம்மாள் அன்றைக்கு மத்தியை எங்கள் தெருவில் வந்த விலைக்கு விற்றுவிட்டுக் மத்தியான பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவளுக்கு நான் என்ன கைமாறு செய்ய முடியும்? இன்றைக்கு வரை தொழுகையில் அவள் பெயரைச் சொல்லித் துஆ கேட்கிறேன்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. போல்ட்டைக் காட்டி அசத்தவேண்டும் என்றுதான் மத்தியானம் முழுக்க நினைத்திருந்தேன். ஆனால் களைத்துப்போன அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

"போகாதீங்க."

மாமி நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வராது என்று எனக்குத் தெரியும். "வண்டி ஓடினாலும் சரி, ஓடலேன்னாலும் சரி. கஞ்சி குடிச்சிக்கிட்டுக் கெடப்போம். போகாதீங்க. டிக்கெட்டு ஓகே ஆயிருந்தா கிழிச்சுப் போடுங்க."

அவர் பையைத் திறந்தார். மாமிக்கு ஒரு கவுளி கும்பகோணம் வெற்றிலையை எடுத்து வைத்தார். திருச்சிக்குப் போனவர் கையில் கும்பகோணம் வெற்றிலை எப்படி என்று நான் யோசிப்பதற்குள், செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். பளபளவென்று ஒரு புதுப் போல்ட். கூடவே அளவுக்கு என்று எடுத்துப்போன எங்கள் பழைய போல்ட் ஒன்று.

"திருச்சி பஸ்ஸு வந்துச்சு. ஏறல. கும்பகோணம் பஸ்ஸுல ஏறிட்டேன். லேத்துப் பட்டறையில குந்தி, பக்கத்துல இருந்தே கடைஞ்சு வாங்கிட்டு வந்தேன்." செய்தித்தாளை மடித்து வைத்தார். "முறிஞ்சத எப்புடி எடுக்குறதுன்னு தெரியல. எடுத்துட்டா போடுறதுக்கு ஒண்ணு வேணும்ல?"

நான் கையைத் திறந்து காட்டினேன். அவர் அதை எடுத்து, புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமிதான் சமாளித்தார். "சபுராளி படிய தாண்டி வெளிய போறப்பதான் அந்த வார்த்தைய சொல்லக் கூடாது. உள்ள வர்றப்ப தாராளமா சொல்லலாம்" என்று சட்டம் சொல்லிவிட்டு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.

வண்டி ஓடியதா என்றால், ஓடியது. மெக்கானிக் வந்து, வெளியே வந்த போல்ட்டை வாங்கிப் பார்த்து, பேரீச்சம்பழப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். பிஸ்டனை விடுவித்து, எல்லாவற்றையும் பூட்டி, கரும்புகையோடு அது உறுமியபோது எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து பக்கத்து வயல்களில் நாற்றுக்கூட விட்டாகிவிட்டது. அவர் போட்ட நிபந்தனைப்படி பார்த்தால் அவர் குவைத்தில் இருந்திருக்க வேண்டும். அதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

முதல் நாள் சேறு அடித்தபோது நான் சாப்பாடு கொண்டுபோனேன். இரும்புக் கூண்டுச் சக்கரம் சேற்றை வாரி வாரி அடித்ததில் மனுஷருக்குக் கண் மட்டும்தான் தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தார். வாய்க்காலில் காலைத் தொங்கவிட்டு, சேறு கரைவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டில் சோறு போட்டேன்.

"ஒவ்வொரு தடவையும் கெளம்புறப்ப ஷூ லேஸ அவுத்து அவுத்துக் கட்டுவேன், தெரியுமா?" என்றார்.

"தெரியாம என்ன? ஒரு லேசு கட்ட அவ்ளோ நேரம்."

"நீ அதுக்குள்ள சொல்லிருவேன்னு நெனப்பு."

கரண்டி என் கையிலேயே நின்றது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சீக்கிரம் கட்டுங்க, கார்க்காரன் ஹாரன் அடிக்கிறான்" என்று ஒவ்வொரு தடவையும் அவசரப்படுத்தியது நான்தான். கண்ணில் நீர் வந்தால் பார்த்துவிடுவாரே என்றுதான் அவசரப்படுத்தினேன். அதை அவரிடம் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று, அத்தனை பயணத்துக்குமாகச் சேர்த்து அழுதேன். அவர் சேற்றுக் கையால் என் கண்ணைத் துடைக்க வந்தார். முகமெல்லாம் சேறாகும் என்று தெரிந்தும் நான் முகத்தை நகர்த்திக்கொள்ளவில்லை.